கையொப்பத்துக்கு மேலுள்ள வரிகள்

ஏப்ரல் மாதம் பிறந்தவுடன் மைசூருவின் வங்கிக் கிளைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். சரஸ்வதிபுரம், குவெம்புநகர், கோகுலம் என எந்தப் பகுதியாயினும், காலை நடையை முடித்த கையோடு மூத்த குடிமக்கள் பலர் கிளை திறப்பதற்கு முன்பே வாசலில் கூடிவிடுவர். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் வைப்புநிதி ரசீதுகள், பான் அட்டையின் நகல், சென்ற ஆண்டு கொடுத்த படிவத்தின் மடித்த பிரதி. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம் அது. அறுபது வயதுக்கு உட்பட்டவர்க்கு 15-ஜி என்றும், அறுபதை எட்டியவர்க்கு 15-எச் என்றும் நெடுங்காலமாக எண்களாலேயே அறியப்பட்டு வந்தது. ஓய்வு பெற்றோர் விரும்பிக் குடியேறும் ஊர் இது. ஆகவே ஏப்ரலில் பாதிக் கிளை அப்படிவத்தைச் சுற்றியே இயங்கும்.

அப்படிவத்தில் கையொப்பம் இடும் இடத்துக்குச் சற்று மேலே சில வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். மேலே கூறியவை யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை. இவ்வாண்டின் என் மொத்த வருமானத்துக்குச் செலுத்த வேண்டிய வரி ஏதுமில்லை என்பதே அவற்றின் சாரம். அவற்றைப் படித்துவிட்டுப் பேனாவை எடுப்பவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். வரித் தவிர்ப்புக்கும் வரி ஏய்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக எழுதிக் குவித்த பக்கங்கள் கணக்கில. ஆயினும் ஒரு சாமானிய வைப்பாளரைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு முழுவதும் அந்தச் சில வரிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்பது நம் கருத்து.

நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். எழுபத்திரண்டு வயதான ஓர் அம்மையார். கணவர் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிந்து மறைந்தவர். குடும்ப ஓய்வூதியம், வைப்புநிதிகளின் வட்டி, வீட்டின் மாடிப் பகுதிக்கு வரும் வாடகை ஆகிய மூன்றுமே அவருக்கு வருவாய். கழிவுகள் யாவும் போக ஆண்டு வருமானம் ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய். ஒவ்வோர் ஏப்ரலிலும் அவர் கிளைக்குச் செல்வார். "அம்மா, இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்று இளம் அலுவலர் ஒருவர் பென்சிலால் குறியிட்ட இடத்தைக் காட்டுவார். "சரிப்பா" என்று இவரும் கையொப்பமிட்டுத் திரும்புவார். மொத்த வருமானத்தை எழுத வேண்டிய கட்டத்தில் அந்த வங்கி தரும் வட்டித் தொகை மட்டுமே நிரப்பப்பட்டிருக்கும். ஓய்வூதியமும் வாடகையும் அங்கே இரா. வட்டியில் வரி பிடிக்கவில்லை, ஆகவே தமக்கு வரியே இல்லை என்று அம்மையார் நம்பினார். வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்யவில்லை.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய கைப்பேசிக்கு வருமான வரித் துறையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் வருமானத்தைப் பற்றி எங்களுக்குக் கிடைத்துள்ள தகவல்களுக்கு ஏற்பக் கணக்குத் தாக்கல் செய்யப்படவில்லை, சரிபார்க்கவும் என்பது அதன் பொருள். அம்மையார் அஞ்சிப் போனார். மகன் வெளியூரில், அண்டை வீட்டார் ஒரு பட்டயக் கணக்கரிடம் அழைத்துச் சென்றனர். 2021-22, 2022-23 ஆகிய இரு நிதியாண்டுகளுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 ரூபாய் வரி வந்தது. 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அறிமுகப்படுத்திய 'புதுப்பிக்கப்பட்ட கணக்கு' என்னும் வழியில் அவற்றைத் தாக்கல் செய்யலாம். ஆனால் வரிக்கும் வட்டிக்கும் மேலாக, பிந்திய ஆண்டுக்கு அத்தொகையில் 25 விழுக்காடும் முந்திய ஆண்டுக்கு 50 விழுக்காடும் கூடுதலாகக் கட்ட வேண்டும். தாமதக் கட்டணம் வேறு. அம்மையார் ஒரு வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முறித்துப் பணத்தைக் கட்டினார். "நான் யாரையும் ஏமாற்றவில்லையே" என்ற ஒரே வாக்கியத்தை அவர் பலமுறை சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

அவர் ஏமாற்றவில்லை என்பதில் நமக்கும் ஐயமில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 277-ஆம் பிரிவு, பொய்யான உறுதிமொழி அளிப்பவர்க்குச் சிறைத் தண்டனை விதித்தது. சாதாரணத் தொகைகளுக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை, ஏய்த்த வரி 25 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை. ஆனால் அப்பிரிவு பொய்யென்று அறிந்தோ, உண்மையென நம்பாமலோ கையொப்பமிட்டவரைத்தான் தண்டித்தது. அறியாமல் கையொப்பமிட்டவர் சிறைக்குச் செல்வதில்லை. வரியையும் வட்டியையும் கூடுதல் தொகையையும் கட்டுகிறார். இருந்தும், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அம்மையாரின் படிவமும் ஒரு கைதேர்ந்த ஏய்ப்பாளரின் படிவமும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் எழுதப்பட வேண்டிய வருமானம் எழுதப்படவில்லை.

வேறுபாட்டை எங்கே தேட வேண்டும் என்பதற்கு இதுவே குறிப்பு. மிச்சமாகும் தொகை பெரிதா சிறிதா என்பதில் அது இல்லை; செய்த ஏற்பாடு எளிதா நுட்பமா என்பதிலும் இல்லை. வரியைத் தவிர்ப்பவர் நடந்தது நடந்தபடியே விவரங்களை எழுதிக் கொடுத்துவிட்டு, இதற்குச் சட்டம் வரி கேட்கவில்லை என்று வாதிடுகிறார். அந்த வாதத்தில் அவர் வெல்லலாம், தோற்கலாம். ஏய்ப்பவர் விவரத்தையே மாற்றுகிறார், அல்லது கொடுக்காமல் விட்டுவிடுகிறார். முன்னவருக்கும் அரசுக்கும் இடையில் உள்ளது சட்டத்தின் பொருளைப் பற்றிய வழக்கு. பின்னவர் விஷயத்தில் வழக்குக்கே இடமில்லை. பொய் வெளிப்படும் நாளை நோக்கிக் காத்திருப்பதுதான் மிச்சம்.

வைப்புநிதிகளைப் பிரித்துப் போடும் பழைய வழக்கத்தை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். ஒரு காலத்தில் வட்டிக்கான வரிப் பிடித்தம் கிளை வாரியாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பணத்தைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு கிளையிலும் வட்டி வரம்புக்குள் நிற்குமாறு பார்த்துக்கொள்வது மைசூருவிலும் பிற ஊர்களிலும் பரவலாக நடந்தது. கணினிவழி ஒருங்கிணைந்த வங்கிகளில் 2015 ஜூன் 1 முதல் எல்லாக் கிளைகளின் வட்டியும் ஒன்றாகக் கூட்டப்பட்டது. அவ்வாறு பிரித்துப் போட்டவர்கள் குற்றவாளிகளா? அல்லர். பணத்தை எத்தனை கிளைகளில் வேண்டுமானாலும் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மூன்று கிளைகளின் வட்டியையும் ஆண்டு முடிவில் கணக்கில் காட்டியவர் பிடித்தத்தை மட்டுமே தவிர்த்தார். காட்டாமல் விட்டவர் வரியை ஏய்த்தார். இருவரின் ரசீதுகளும் ஒரே மாதிரியானவை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சுட்டாமல் மேலே செல்ல இயலாது. 2025 ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. மற்றவர்க்கு 50,000 ரூபாய் வரை இல்லை. இதைப் 'பிடித்தம் இல்லாத வரம்பு' என்று கொள்ளாமல் 'வரியில்லா வட்டி' என்று கொள்வோர் ஏராளம். மூன்று வங்கிகளில் தலா 90,000 ரூபாய் வட்டி பெறுபவருக்கு ஒரு ரூபாயும் பிடிக்கப்பட மாட்டாது; ஆனால் 2,70,000 ரூபாயும் அவருடைய வருமானமே. அவ்வட்டி விவரங்கள் வங்கிகளிடமிருந்து துறைக்குச் சென்று, 2021 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள வருடாந்திரத் தகவல் அறிக்கையில் அவர் பெயரின்கீழ் வரிசையாக நிற்கின்றன. மறைப்பதாக எண்ணுவோர், ஏற்கெனவே தெரிந்ததைத்தான் மறைக்கிறார்கள்.

சட்டத்தின் பொருளைப் பற்றிய வழக்கு எப்படி இருக்கும் என்பதற்கு வங்கித் துறை சார்ந்த ஒரு பழைய எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் உண்டு. அதைப் புரிந்துகொள்ள அக்காலத்து எல்லைகளை நினைவூட்ட வேண்டும். சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரிச் சட்டம் சமஸ்தானங்களில் செல்லாது. மைசூர் சமஸ்தானம் 1923-இல் தனக்கெனத் தனி வருமான வரிச் சட்டம் வைத்திருந்தது. 1950 ஏப்ரல் 1 முதல்தான் இந்திய வருமான வரிச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டையும் அவ்வாறே பிரிட்டிஷ் வரி எல்லைக்கு வெளியே இருந்த சமஸ்தானம். மதுரையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் வேறொரு வரி உலகம்.

மதுரை ஸ்ரீ மீனாட்சி மில்லும் அதனோடு தொடர்புடைய வேறு ஆலைகளும் பேங்க் ஆப் மதுராவின் புதுக்கோட்டைக் கிளையில் நிலை வைப்புகளாகப் பணத்தைப் போட்டன. அவ்வைப்புகளையே ஈடாகக் காட்டி, அதே வங்கியின் மதுரை அலுவலகத்தில் கடன் பெற்றன. வட்டி கிடைத்தது புதுக்கோட்டையில். பணம் புழங்கியது மதுரையில். ஆலைகளின் பொறுப்பில் இருந்தவரே அவ்வங்கியை நிறுவிய இயக்குநராகவும் இருந்தார். புதுக்கோட்டையில் ஈட்டிய வட்டிக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் வரி கேட்கலாமா என்பதே வினா. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, கடனாகக் கொடுத்த பணம் வரி எல்லைக்குள் கொண்டுவரப்பட்டால் அதன் வட்டிக்கும் வரி உண்டு என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் அதைக் காணலாம். வைப்பும் கடனும் ஒரே திட்டத்தின் இரு பாதிகள், தேவை ஏற்படும்போது நிறுவனம் என்னும் திரையை விலக்கி உண்மை நிலையைப் பார்க்க வரி அதிகாரிகளுக்கு உரிமை உண்டு என்று கூறி, நீதிமன்றம் துறைக்குச் சாதகமாகத் தீர்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஆலைகள் தோற்றன என்பது மட்டும் அன்று. வைப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்த நாளில் என்பவை யாவும் வங்கிப் பேரேட்டில் இருந்தன. நீதிமன்றத்தில் நடந்தது அவற்றின் சட்டப் பொருளைப் பற்றிய விவாதம். ஆகவே அதை நாம் தோல்வியுற்ற தவிர்ப்பு என்றே வகைப்படுத்துவோம். அதே ஆலையின் வேறொரு வழக்கு பத்தாண்டுகளுக்கு முன், 1956-இல், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றது. அங்கே கதை வேறு. விற்பனைகள் சில வணிகர்களின் பெயரில் நடந்தனவாகக் காட்டப்பட்டன; அவர்கள் பெயருக்கு நின்றவர்களே, இலாபம் உண்மையில் ஆலைக்கே உரியது என்று தீர்ப்பாயம் கண்டறிந்தது. அது சான்றுகளின்மேல் எழுந்த முடிவு, அதில் சட்ட வினா எழவில்லை என்று உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. முதலில் சொன்ன வழக்கில் சட்டம் என்ன சொல்கிறது என்பது வினா. இதில் நடந்தது என்ன என்பதே வினா. ஒரே நிறுவனத்தின் பெயரில் இவ்விரண்டும் அமைந்தது மாணவர்க்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

வெற்றி பெற்ற தவிர்ப்புக்கும் ஒரு சான்று கூறியாக வேண்டும். அதற்குக் கர்நாடகத்தின் ஊதுவத்தித் தொழிலையே நாடலாம். மைசூரு என்றவுடன் ஊதுவத்தி நினைவுக்கு வராதவர் யார்? ஊதுவத்தி செய்து விற்ற கர்நாடகத்துக் கூட்டு நிறுவனம் ஒன்று 1965 டிசம்பர் 31-இல் கலைக்கப்பட்டு, புதிய கூட்டு நிறுவனம் ஒன்று அதன் தொழிலை ஏற்றது. பழைய நிறுவனத்தின் நற்பெயருக்கு 1,50,000 ரூபாய் விலை மதிக்கப்பட்டது. நற்பெயர் ஒரு மூலதனச் சொத்து, அதன் கைமாற்றத்தில் கிடைத்தது மூலதன ஆதாயம், ஆகவே வரி செலுத்துக என்றது துறை. நிறுவனத்தின் தரப்போ, இந்த நற்பெயரை நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. தொழில் நடக்க நடக்கத் தானே வளர்ந்தது. வாங்கிய விலையே இல்லாதபோது எதிலிருந்து எதைக் கழித்து ஆதாயம் காண்பீர்கள் என்று கேட்டது. 1981-இல் உச்ச நீதிமன்றம், பி. சி. ஸ்ரீநிவாச செட்டி வழக்கு என இன்று வழங்கும் தீர்ப்பில், இக்கேள்வியை ஏற்றது. கணக்கிடும் வழி பொருந்தாத சொத்துக்கு வரியும் பொருந்தாது என்பது அதன் சாரம்.

ஒரு காசையும் அந்நிறுவனம் மறைக்கவில்லை. 1,50,000 ரூபாய் என்ற மதிப்பு அதன் ஆவணங்களிலேயே இருந்தது. பின்னர் நாடாளுமன்றம் என்ன செய்தது? நற்பெயரின் வாங்கிய விலை சுழியம் எனக் கொள்க என்று 1987-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வாயிலாக விதி செய்து, 1988-89 மதிப்பீட்டு ஆண்டு முதல் அந்த இடைவெளியை அடைத்தது. சட்டத்தில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டியவர் சட்டம் இயற்றுபவரே; அதற்கு முன் அவ்வழியே சென்றவரைக் குற்றம் சாட்டுவது முறையன்று என்ற கொள்கையை இவ்வழக்கைவிடத் தெளிவாக எதுவும் விளக்கவில்லை.

எல்லா நீதிபதிகளும் இக்கொள்கையில் உடன்படுவதில்லை. 1985-இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம், மது வாங்குவோர் கலால் வரியைத் தாமே நேரில் செலுத்தினாலும் அத்தொகை விற்பனைத் தொகையின் பகுதியே என்று முடிவு செய்தது. அவ்வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியே எழுதிய தீர்ப்பு, வரியைத் தவிர்க்கும் தந்திரங்கள் மேலான கலை என்ற பார்வையையே சாடியது. அதன் சுமை நேர்மையாக வரி செலுத்துவோரின் தோளில் விழுகிறது என்றது. 2012 ஜனவரியில் வோடபோன் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு திசையில் சென்று, 11,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட வரிக் கோரிக்கையைத் தள்ளியது. அவ்வாண்டே நாடாளுமன்றம் பின்னோக்கிச் செல்லும் திருத்தம் செய்தது. 2021-இல் அத்திருத்தத்தின் கடுமையைத் தானே விலக்கிக்கொண்டது. வணிக நோக்கமின்றி வரியை மட்டும் குறைக்கச் செய்யும் ஏற்பாடுகளை ஒதுக்கிவைக்கும் பொதுத் தடுப்பு விதிகள் 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. (மைசூருக்காரர்கள் அந்நாளை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்தால்: 1913-இல் தோன்றிய மைசூர் வங்கி அன்றுதான் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது.) அவ்விதிகள் ஓர் ஏற்பாட்டால் ஆண்டில் 3 கோடி ரூபாய்க்கு மேல் வரி மிச்சமாகும் இடங்களுக்கே உரியவை. துணிப்பையோடு வரிசையில் நிற்பவர்க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பெருநிறுவனங்களின் தவிர்ப்பைப் பற்றி எழும் கோபத்தை, சட்டம் தந்த கழிவைப் பெறும் ஓய்வூதியர்மேல் சாய்ப்பதை நாம் ஏற்க மாட்டோம்.

ஆனால் குடும்பத்துக்குள் பணத்தைப் பிரித்து வைப்பது வேறு விஷயம். அங்கே வழி இன்றும் வளைந்தே செல்கிறது. மனைவியின் பெயரில் கணவர் பணத்தை வைப்பாகப் போட்டால் அதன் வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு அவ்வாறு கூறியது. மருமகளின் பெயரில் போட்டாலும் அவ்வாறே. பதினெட்டு வயது நிறையாத குழந்தையின் வட்டி, பெற்றோரில் வருமானம் மிகுந்தவருடையதோடு சேரும். அதே பணத்தைத் தாய்க்கோ, வயது வந்த மகளுக்கோ உண்மையாகவே கொடுத்துவிட்டால், அவ்வட்டி பெற்றவரின் வருமானமே. உறவினரிடமிருந்து பெறும் அன்பளிப்புக்கு வரியும் இல்லை. இதைத் தவிர்ப்பு என்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கொடுத்தது உண்மையில் கொடுத்ததாக இருக்க வேண்டும். அம்மாவின் பெயரில் போட்டுவிட்டு ரசீதையும் ஏ.டி.எம். அட்டையையும் மகனே வைத்துக்கொண்டு வட்டியையும் செலவழித்தால், தாய் அங்கே பெயருக்கு நிற்பவர் ஆகிறார். 1956-ஆம் ஆண்டு வழக்கின் வணிகர்களைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.

கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து வருமானத்தைக் குறைக்கும் வழியையும் ஒரு காலத்தில் பலர் மேற்கொண்டனர். 1978 டிசம்பர் 31-க்குப் பின் நடந்த பகுதிப் பாகப்பிரிவினைகளை வரிக் கணக்குக்கு ஏற்க மாட்டோம் என்று 1980-இல் சட்டம் திருத்தப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 1988-இல் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று முடித்தது. குடும்ப உரிமை வேறு, வரிக் கணக்கு வேறு என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

இனி, மைசூருவில் நாம் அடிக்கடி காணும் மற்றொரு இடத்துக்கு வருவோம்: மனை விற்பனை. முப்பதாண்டுகளுக்கு முன் சிறு தொகைக்கு வாங்கிய சைட் இன்று பெரும் விலைக்குப் போகிறது. வாங்க வருபவர் ஒரு வழி சொல்வார்: பதிவு அரசின் வழிகாட்டி மதிப்புக்கு, மீதி ரொக்கமாக. விற்பவருக்கு அது வரி மிச்சமாகத் தோன்றும். அது முழு ஏய்ப்பு. அதோடு மடத்தனமும் ஆகும். நிலத்துக்கான விற்பனைத் தொகையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்ற தொகைக்கு இணையான தண்டம் உண்டு. அந்த ரொக்கத்தை வங்கியில் போட இயலாது. போட்டால் மூலம் கேட்பர். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விளக்கமற்ற பணத்துக்கு 60 விழுக்காடு வரி, அதன்மேல் கூடுதல் வரிகளும் சேர்ந்து மொத்தம் 78 விழுக்காட்டை எட்டியது. வாங்கியவர்க்கும் பயனில்லை, பின்னாளில் அவர் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகவே நிற்கும்.

இதே விற்பவர் முழு விலையையும் பத்திரத்தில் எழுதிவிட்டு மூன்று வழிகளை நேர்மையாக நாடலாம். விற்ற தொகையை ஒரு வீடு வாங்கவோ கட்டவோ செலவிடலாம். வாங்க இரண்டு ஆண்டும், கட்ட மூன்று ஆண்டும் அவகாசம். ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் ரூபாய் வரை குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் ஐந்தாண்டுக்கு முதலிடலாம். கணக்குத் தாக்கல் செய்யும் நாளுக்குள் வீடு அமையவில்லை எனில், 1988-ஆம் ஆண்டு மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின்கீழ் அத்தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டுக் காத்திருக்கலாம். இக்கடைசி வழியைப் பற்றிக் கேட்டு வருவோர் மிகக் குறைவு என்பது நமக்கு வியப்பே. ரொக்கத்தைத் துணியில் முடிந்து அலமாரியில் வைக்கும் அச்சத்தோடு ஒப்பிட்டால், ஒரு வங்கிக் கணக்கு எத்துணை நிம்மதி!

இத்தனையும் கூறியபின் வங்கித் தரப்பினராகிய நம்மைப் பற்றியும் கூறியாக வேண்டும். அம்மையாரின் படிவத்தில் குறைவான வருமானத்தை நிரப்பிய கை எது? அவருடையது அன்று. கிளையில் கூட்டம், அன்றைய பணி முடிக்கும் அவசரம், வைப்பாளரை மகிழ்விக்கும் ஆர்வம் ஆகியவை காரணம் என்று நாம் சொல்லக்கூடும். ஆனால் அக்காரணங்கள் கட்டிய கூடுதல் தொகையை அவருக்குத் திருப்பித் தரவில்லை. படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகிறது. மைசூருவில் கன்னடமும் தமிழும் பேசும் மூத்தோர், தாம் படிக்க இயலாத மொழியில் தம் பெயரால் ஓர் உறுதிமொழி அளிக்கின்றனர். உறுதிமொழியின் பொருளை அவர் மொழியில் ஒரு முறை படித்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். ஓய்வூதியம் வேறு உண்டா, வாடகை உண்டா, வேறு வங்கியில் வைப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கு மற்றும் இரண்டு நிமிடம். கையொப்பம் பெறுமுன் இந்த நான்கு நிமிடங்களைச் செலவிடுவதை ஒவ்வொரு கிளையும் விதியாகவே கொள்ள வேண்டும் என்பது நம் கோரிக்கை. வருமானக் கட்டத்தை அலுவலர் நிரப்பக் கூடாது. வைப்பாளரோ அவர் நம்பும் ஒருவரோ நிரப்பட்டும். இதனால் சிலர் படிவம் கொடுக்காமலே திரும்பிச் செல்வர். செல்லட்டும். பிடித்தம் ஆன வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும் வழி திறந்தே இருக்கிறது.

மறுபுறம், வீண் அச்சத்தால் தமக்குரியதையும் கேளாதிருப்போர் உண்டு. பக்கத்து வீட்டில் ஒருவர்க்குத் துறையிலிருந்து செய்தி வந்ததைக் கேட்டு, தகுதி இருந்தும் படிவத்தைத் தொடாமல், பிடித்த வரியைத் திரும்பக் கேட்கவும் தயங்கும் பெரியவர்களைச் சென்ற ஆண்டு பலமுறை சந்தித்தோம். அவர்களும் நமக்குக் கவலை தருகிறார்கள்.

அந்த அம்மையார் 2025 ஏப்ரலில் மீண்டும் கிளைக்கு வந்தார். படிவத்தைக் கண்டதும் வேண்டாம் என்று தலையசைத்தார். அன்று இருந்த அலுவலர் அவரை அமர வைத்து, ஓய்வூதியம், வட்டி, வாடகை மூன்றையும் ஒரு தாளில் கூட்டிக் காட்டினார். வருமானம் ஆறரை லட்சத்தைத் தாண்டவில்லை. அந்நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு, தள்ளுபடி போக, வரி இல்லை. ஆகவே முன்பு பொய்யாக நின்ற அதே உறுதிமொழி இவ்வாண்டு உண்மை. "அப்போ போடலாங்கிறீங்களா?" என்று கேட்டார். போடலாம் என்றார் அலுவலர். அம்மையார் படிவத்தைக் கையில் எடுத்தார். கையொப்பத்துக்கு மேலுள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மறுநாள் கண்ணாடியோடு வந்து, தம் பேத்தியை உடன் அமர்த்தி முழுவதையும் படிக்கக் கேட்டபின் கையொப்பமிட்டார்.